முன்பதிவு தொலையாமல் தளத்தை மாற்றுவது எப்படி? கோடிங் தெரியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் லாட்ஜ், கீழக்கரையில் தொதல் கடை, பாம்பனில் கருவாடு, ராமநாதபுரத்தில் முண்டு மிளகாய் என்று இந்தக் கரையோரத்தில் சொந்த இணையதளம் வைத்துத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பல, வேர்ட்பிரஸ் என்கிற தளம் அமைக்கும் மென்பொருளில் யாரோ ஒருவர் செய்து கொடுத்துவிட்டுப் போனவை. அதன்பிறகு விலை மாற்றுவது, படம் போடுவது, புது டிசைனுக்கு மாறுவது எல்லாம் கடைக்காரர் தலையிலோ கல்லூரியில் படிக்கும் பிள்ளை தலையிலோதான் விழுகிறது.

மாற்றத்தை முதலில் ஸ்டேஜிங் என்கிற நகல் தளத்தில் செய்து பார்த்து, சரியாக இருந்தால் வாடிக்கையாளர் பார்க்கும் லைவ் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதுவரை பெரும்பாலானோருக்குத் தெரியும். சேதம் நடப்பது அந்தக் கடைசிக் கட்டத்தில். ‘புஷ் டு லைவ்’ பட்டனை அழுத்தியதும் ஸ்டேஜிங்கில் இருப்பதெல்லாம் லைவின் மேல் அப்படியே எழுதப்படும். நீங்கள் டிசைன் வேலையில் இருந்த நாட்களில் லைவில் வந்த ஆர்டர், அறை முன்பதிவு, புது வாடிக்கையாளர் கணக்கு அத்தனையும் அழிந்துவிடும். பணம் வங்கியில் ஏறியிருக்கும். எந்த அறை, எந்தத் தேதி என்கிற விவரம் தளத்தில் இருக்காது. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் இரவு குடும்பத்தோடு வந்து இறங்குபவரிடம் அறை இல்லை என்று கைவிரிக்க வேண்டியதாகிவிடும்.

அதனால் கீழே சொல்லும் படிகளெல்லாம் ஒரே விதியைக் காப்பாற்றத்தான்: தோற்றமும் வசதிகளும் ஸ்டேஜிங்கிலிருந்து லைவுக்குப் போகலாம், ஆர்டரும் முன்பதிவும் லைவை விட்டு அசையக்கூடாது.

எது எங்கே இருக்கிறது

வேர்ட்பிரஸ் தளம் இரண்டு பகுதியாக இருக்கிறது. ஒன்று கோப்புகள்: தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்), நீங்கள் ஏற்றிய படங்கள். இன்னொன்று டேட்டாபேஸ்: பக்கங்களில் எழுதியது, விலை, மெனு, செட்டிங்ஸ், ஆர்டர், வாடிக்கையாளர் கணக்கு. கோப்புகளை மாற்றினால் ஆர்டருக்கு ஆபத்தில்லை. டேட்டாபேஸைத் தொடும்போதுதான் கவனம் வேண்டும்.

‘ஆர்டர் இருக்கும் பட்டியலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோகலாமே’ என்று தோன்றும். எல்லாத் தளத்திலும் அது நடக்காது. வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் பிளகின்) 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து, புதிதாகத் தொடங்கும் கடைகளுக்கு ஆர்டர்கள் தனிப் பட்டியலில் சேமிக்கப்படுகின்றன. அதற்கு முன் தொடங்கி, பழைய முறையிலேயே ஓடும் கடைகளில் ஆர்டரும் ‘எங்களைப் பற்றி’ பக்கமும் ‘போஸ்ட்ஸ்’ என்கிற ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரியாக இருக்கும். அறை முன்பதிவுப் பிளகின்களிலும் பல இப்படித்தான்.

இதில் வரிசை எண் சிக்கலும் உண்டு. ஸ்டேஜிங்கில் ‘தனுஷ்கோடி ஜீப் பயணம்’ என்று ஒரு பக்கம் சேர்க்கிறீர்கள். அதற்கு 1520 என்று எண் விழுகிறது. அதே நாள் லைவில் ஒருவர் அறை பதிவு செய்கிறார்; அங்கேயும் அடுத்த எண் 1520தான். இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்க்க வழியில்லை. ஒன்று இருக்கும், மற்றொன்று போகும்.

ஸ்டேஜிங் எப்போது தேவை

எல்லாவற்றுக்கும் ஸ்டேஜிங் வேண்டியதில்லை. உதாரணமாக, பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. உங்கள் ‘எப்படி வருவது’ பக்கம் இன்னமும் ‘மண்டபத்தில் இறங்கி பஸ் பிடியுங்கள்’ என்று சொன்னால், லைவிலேயே திருத்திவிடுங்கள். பழைய எழுத்து ‘ரிவிஷன்ஸ்’ பகுதியில் இருக்கும். தவறினால் ஒரே சொடுக்கில் திரும்பலாம். ஒரு படம், ஒரு விலை, ஒரு தொலைபேசி எண் என்றாலும் லைவிலேயே மாற்றிவிடலாம்.

தீம் மாற்றம், வேர்ட்பிரஸின் பெரிய பதிப்பு மாற்றம், பிஎச்பி (வேர்ட்பிரஸ் ஓடுவதற்கான சர்வர் மொழி) பதிப்பு மாற்றம், பணம் கட்டும் பிளகினோ முன்பதிவுப் பிளகினோ அப்டேட் ஆவது, இவற்றை ஸ்டேஜிங்கில் பார்க்காமல் லைவில் செய்யாதீர்கள்.

நகல் எடுத்ததும் செய்யவேண்டியவை

ஹோஸ்டிங் பேனலில் (தளம் இருக்கும் சர்வரை நிர்வகிக்கும் பக்கம்) சாஃப்டாகுலஸ் என்கிற கருவி இருந்தால் தள விவரப் பக்கத்தில் ‘கிரியேட் ஸ்டேஜிங்’ என்று இருக்கும். டபிள்யூபி டூல்கிட் இருந்தால் ‘குளோன்’. இரண்டும் இல்லையென்றால் ‘டபிள்யூபி ஸ்டேஜிங்’ என்கிற இலவசப் பிளகின் நகலெடுத்துத் தரும். லைவுக்குப் புஷ் செய்யும் வசதி மட்டும் கட்டணப் பதிப்பில் இருக்கிறது. லைவ் தளம் 2 ஜிபி என்றால் ஸ்டேஜிங்குக்கும் ஏறக்குறைய அதே அளவு இடம் காலியாக வேண்டும். இடம் பற்றாமல் பாதியில் நின்ற நகலை வைத்து வேலை செய்யாதீர்கள். அழித்துவிட்டு முதலிலிருந்து எடுங்கள்.

நகல் தயாரானதும், டிசைனில் கை வைக்கும் முன் நான்கு காரியம். செட்டிங்ஸில் ‘ரீடிங்’ போய், தேடுபொறிகள் பார்க்க வேண்டாம் என்கிற கட்டத்தில் டிக் செய்யுங்கள்; இல்லையென்றால் கூகுளில் உங்கள் கடை இரண்டாகத் தெரியும். ஸ்டேஜிங்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். மெயில் அனுப்புவதை நிறுத்தும் பிளகின் ஒன்றைப் போடுங்கள்; நகலில் உண்மையான வாடிக்கையாளர்களின் மெயில் முகவரி இருப்பதால், ஒரு பழைய ஆர்டரின் நிலையை விளையாட்டாக மாற்றினாலும் ‘உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது’ என்று யாருக்கோ மெயில் போய்விடும். கடைசியாக, ரேஸர்பே போன்ற கட்டணச் சேவையின் லைவ் சாவிகளை (உண்மையான பணம் வாங்கும் குறியீடுகள்) எடுத்துவிட்டு டெஸ்ட் சாவிகளை (சோதனைக்கான குறியீடுகள்) போடுங்கள்.

இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். லைவுக்குப் போகும் நாளில் இந்த நான்கும்தான் கூடவே ஏறிக்கொண்டு வந்து தொல்லை கொடுக்கும்.

அதே நோட்டில், ஸ்டேஜிங்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த உடனே குறியுங்கள். ‘அப்பியரன்ஸ் – மெனு – மூன்றாவதாகக் கருவாடு சேர்த்தது’, ‘பிளகின் – வாட்ஸ்அப் பட்டன் – பதிப்பு எண்’ என்கிற அளவுக்கு விவரமாக இருக்கட்டும். கோடிங் தெரிந்தவர்களுக்கு எது மாறியது என்று காட்டும் மென்பொருள் உண்டு. உங்களுக்கு இந்த நோட்டுதான் அந்த வேலையைச் செய்யும். இது இல்லாதவர்கள்தான் வேறு வழி தெரியாமல் முழுப் புஷ்ஷை அழுத்துகிறார்கள்.

கொண்டுபோகும் வழிகள்

ஆர்டர் வராத தளம், அதாவது பெயர், முகவரி, படம், தொலைபேசி எண் மட்டும் உள்ள தளம் என்றால் முழுப் புஷ் செய்யலாம். விசாரணைப் படிவம் இருந்தால், அதில் வந்தவை டேட்டாபேஸில் சேர்கின்றனவா என்று மட்டும் முதலில் பாருங்கள். சேர்ந்தால் அவற்றை இறக்கி வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

ஆர்டரோ முன்பதிவோ வரும் தளத்துக்கு நாங்கள் சொல்வது, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் லைவில் திரும்பச் செய்வதுதான். கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஸ்டேஜிங்கில் பல நாள் யோசித்து, மாற்றி மாற்றிச் செய்தது, முடிவு தெரிந்தபிறகு லைவில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆர்டர் ஒன்றும் போகாது.

ஒரு பக்கம் முழுவதையும் கொண்டுபோக: ஸ்டேஜிங்கில் பக்கத்தைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘காப்பி ஆல் பிளாக்ஸ்’ கொடுங்கள். லைவில் புதுப் பக்கம் திறந்து ஒட்டி, டிராஃப்டாகச் சேமியுங்கள். இதில் மூன்று இடத்தில் சறுக்கும். படங்கள் ஸ்டேஜிங் முகவரியிலிருந்தே வந்துகொண்டிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஸ்டேஜிங்கை அழிக்கும் நாளில் எல்லாம் காணாமல் போகும். அதனால் படங்களை முதலில் லைவின் மீடியா பகுதியில் ஏற்றி, ஒட்டிய பக்கத்தில் ஒவ்வொன்றாக ‘ரீப்ளேஸ்’ செய்யுங்கள். படிவங்களுக்கு ஸ்டேஜிங்கில் ஒரு எண், லைவில் வேறு எண்; லைவில் உள்ள படிவத்தையே புதிதாகச் செருகுங்கள். பல பக்கங்களில் பொதுவாகப் பயன்படுத்தும் ‘சிங்க்டு பேட்டர்ன்’ இருந்தால் அது ஒட்டும்போது வராது. பேட்டர்ன் பட்டியலிலிருந்து அதைத் தனியே எக்ஸ்போர்ட் செய்து லைவில் இம்போர்ட் செய்ய வேண்டும்.

எலிமென்டர் என்கிற பக்க வடிவமைப்புப் பிளகினில் செய்த பக்கம் என்றால், அதை டெம்ப்ளேட்டாகச் சேமித்து எக்ஸ்போர்ட் செய்து லைவில் இம்போர்ட் செய்யலாம். தோற்றம் குலைந்திருந்தால் எலிமென்டரின் ‘டூல்ஸ்’ பகுதியில் சிஎஸ்எஸ் (தோற்றக் குறிப்புகள்) கோப்புகளை அழித்துப் புதிதாக உருவாக்கவைக்கும் பட்டனை அழுத்துங்கள்.

விலைப்பட்டியல் பெரிதாக மாறினால், உதாரணமாக நெத்திலி, வாளை, கணவாய் என்று எல்லாக் கருவாட்டுக்கும் புது விலை, வூகாமர்ஸின் ‘புராடக்ட்ஸ்’ பக்கத்தில் உள்ள எக்ஸ்போர்ட் வசதியால் லைவிலிருந்தே சிஎஸ்வி கோப்பை (பொருட்களின் அட்டவணை) இறக்கி, விலைப் பத்தியை மட்டும் திருத்தி, ‘இருக்கும் பொருட்களை அப்டேட் செய்’ என்கிற கட்டத்தில் டிக் செய்து ஏற்றுங்கள். அந்த டிக் விட்டுப்போனால், ஏற்கெனவே இருக்கும் பொருட்களை இம்போர்ட்டர் தாண்டிப் போய்விடும்; விலை மாறாது. கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக மாறக்கூடும்; அப்படியே சேமித்து ஏற்றினால் கடையிலும் அதுவே தெரியும். கூகுள் ஷீட்ஸில் திறப்பது பாதுகாப்பு. இருப்பு அளவுப் பத்தியை அழித்துவிட்டே ஏற்றுங்கள். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் விற்ற சரக்கு மறுபடி இருப்பில் ஏறிவிடக்கூடாது.

தீமும் பிளகினும் கோப்புகள் என்பதால், ஸ்டேஜிங்கில் சோதித்த அதே பதிப்பை லைவில் நிறுவினால் போதும். ‘டூல்ஸ் – சைட் ஹெல்த் – இன்ஃபோ’ பக்கத்தை இரண்டு தளத்திலும் திறந்து வேர்ட்பிரஸ், பிஎச்பி பதிப்பு எண்களை ஒப்பிடுங்கள். ஸ்டேஜிங்கில் ஓடிய பிளகின் லைவில் படுத்துக்கொள்வதற்கு பிஎச்பி வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

சில கருவிகளில் எந்தப் பட்டியல் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. உங்கள் ஆர்டர்கள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று உறுதியாகத் தெரியாதவரை கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். டேட்டாபேஸ் கட்டத்தைத் தொடவேண்டாம்.

முகவரி மாற்றம்

முழுப் புஷ் செய்தவர்களுக்கு லைவில் இணைப்புகள் சில ஸ்டேஜிங் முகவரிக்கே போய் நிற்கலாம். டேட்டாபேஸ் கோப்பை நோட்பேடில் திறந்து ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ செய்யச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். வேர்ட்பிரஸ் பல செட்டிங்ஸைச் சேமிக்கும்போது எழுத்து எண்ணிக்கையையும் கூடவே எழுதிவைக்கிறது. முகவரி 31 எழுத்து என்று குறித்திருக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் ‘ஸ்டேஜிங்’ என்கிற 7 எழுத்தையும் ஒரு புள்ளியையும் நீக்கினால் 23 ஆகிவிடும். குறிப்பு 31 என்றே நிற்கும். மூட்டை மேல் எழுதிய எடையும் தராசு காட்டும் எடையும் ஒத்துப்போகாத கருவாட்டை வியாபாரி எடுக்கமாட்டார் இல்லையா, அதுபோல வேர்ட்பிரஸும் அந்த செட்டிங்ஸை அப்படியே தள்ளிவிடும். விட்ஜெட் காணாமல் போவதும் தீம் அமைப்பு பழையபடி ஆவதும் இதனால்தான்.

‘பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்’ பிளகின் இந்த எண்ணிக்கையையும் சேர்த்தே திருத்தும். பேக்கப் எடுத்தபிறகு, முதலில் ‘டிரை ரன்’ டிக்கோடு ஓடவிட்டு எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள். பிறகு டிக்கை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள்.

தமிழில் பக்க முகவரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் 9 இடம் பிடிக்கும். ‘கா’ என்பதில் ககரமும் கால் குறியும் தனித்தனிக் கணக்கு. ஆக 22 குறிக்கு மேல் வெட்டுப்படும். நீளமான தலைப்புடைய இரண்டு பக்கங்களின் முகவரி ஒன்றாகிப்போய், ஒன்றின் வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும். பக்க முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் கொடுப்பதே நல்லது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

நாளும் நேரமும்

ராமேஸ்வரத்து லாட்ஜ் என்றால் ஆடி, தை, மகாளய அமாவாசைகளை ஒட்டிய வாரங்களில் தளத்தில் கை வைக்காதீர்கள். ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்தில் அங்குள்ள விடுதிகளுக்கும் இதே பேச்சுதான். கடல் மீனை ஆன்லைனில் விற்பவர்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலம் பெரிய மாற்றங்களுக்கு நல்ல சமயம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் வேண்டாம். புஷ் வேலை சர்வரில் நடந்தாலும், பல பிளகின்களில் அதை அடுத்தடுத்த படிக்கு நகர்த்துவது உங்கள் பிரவுசர்தான். கரண்டோ நெட்டோ போனால் பாதித் தளம் புதுசு, பாதி பழசு என்று நின்றுவிடும். சார்ஜ் நிறைந்த லேப்டாப், கைக்கு எட்டும் தூரத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு போன், இரண்டும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பிக்காதீர்கள். வார இடையில் காலையில் செய்தால், ஏதாவது ஆனாலும் ஹோஸ்டிங்காரரை அழைக்க முழுப் பகல் கையில் இருக்கும்.

லைவுக்குப் போகும் நேரம்

முதலில் பேக்கப். ‘அப்டிராஃப்ட்பிளஸ்’ என்கிற பேக்கப் பிளகின், டேட்டாபேஸ், பிளகின், தீம், படங்கள், மற்றவை என்று தனித்தனிக் கோப்பாக எடுக்கும். கூகுள் டிரைவிலும் சேமிக்கலாம். அதே சர்வரில் மட்டும் இருக்கும் பேக்கப்பை நம்பாதீர்கள். டிரைவில் கோப்புகள் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

பிறகு ஆர்டரை நிறுத்துங்கள். வூகாமர்ஸ் செட்டிங்ஸில் ‘சைட் விசிபிலிட்டி’ பகுதியில், கடைப் பக்கங்களுக்கு மட்டும் ‘கமிங் சூன்’ போட முடியும். லாட்ஜ் தளத்தில் முன்பதிவுப் பக்கத்தைத் தற்காலிகமாக மறைத்து, ‘அறைக்கு அழைக்கவும்’ என்று தொலைபேசி எண்ணைப் போடுங்கள்.

மாற்றத்தைக் கொண்டுபோங்கள். முடிந்ததும் செட்டிங்ஸில் ‘பெர்மாலிங்க்ஸ்’ போய், எதையும் மாற்றாமல் ‘சேவ்’ மட்டும் அழுத்துங்கள். முகப்பு திறந்து மற்றப் பக்கங்களெல்லாம் 404 (பக்கம் இல்லை) காட்டுவது பெரும்பாலும் இதில் சரியாகும். அடுத்து நோட்டில் எழுதிய நான்கையும் திருப்புங்கள்: தேடுபொறி டிக் எடுக்கப்பட வேண்டும், கடவுச்சொல் பூட்டு நீங்க வேண்டும், மெயில் தடை போக வேண்டும், லைவ் சாவிகள் வர வேண்டும். தேடுபொறி டிக் அப்படியே நின்றால் அன்று ஒன்றும் தெரியாது; நாளடைவில் கூகுளிலிருந்து தளம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தபிறகுதான் உறைக்கும். டெஸ்ட் சாவி நின்றால் ஆர்டர் ‘பணம் வந்தது’ என்றே பதிவாகக்கூடும். வங்கியில் ஒரு ரூபாய்கூட ஏறாது, சரக்கு மட்டும் கிளம்பிப் போய்விடும்.

கேஷ் பிளகினில் (பக்கங்களின் நகலைச் சேமித்துவைத்து வேகமாகக் காட்டும் பிளகின்) ‘பர்ஜ் ஆல்’, அதே வேலையைச் செய்யும் கிளவுட்ஃபிளேர் சேவை இருந்தால் அதிலும் ‘பர்ஜ் எவ்ரிதிங்’ அழுத்துங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, லாகின் செய்யாத ஒரு போனில், மொபைல் டேட்டாவில் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவது அந்தத் திரைதான். லாகின் செய்த உங்கள் லேப்டாப்பில் தெரிவது வேறாக இருக்கலாம். கடையைத் திறந்து, குறைந்த விலைப் பொருள் ஒன்றை உண்மையான பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். மெயில் வந்ததா, ரேஸர்பே கணக்கில் பணம் தெரிகிறதா, ஆர்டர் பட்டியலில் ஏறியதா, மூன்றையும் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கோளாறு வந்தால்

‘பராமரிப்புக்காகச் சிறிது நேரம் இயங்காது’ என்கிற ஆங்கில வாசகம் நகராமல் நின்றால், அப்டேட் பாதியில் அறுந்திருக்கிறது. ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில், மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லி, தளத்தின் முதல் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ‘மெயின்டனன்ஸ்’ கோப்பை அழியுங்கள். பிறகு அந்த அப்டேட்டை மறுபடி ஓடவிடுங்கள்.

‘கிரிட்டிகல் எரர்’ என்றால் நிர்வாகி மெயிலைப் பாருங்கள், 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் எந்தப் பிளகின் விழுந்தது என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு இணைப்பும் அனுப்பும். மெயில் வரவில்லையென்றால் ஃபைல் மேனேஜரில் அந்தப் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள். அது தானாக நின்றுவிடும்.

டேட்டாபேஸோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்தால், ஸ்டேஜிங்கின் ‘கான்ஃபிக்’ கோப்பு லைவின் மேல் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பேக்கப்பிலோ ஹோஸ்டிங்காரரிடமோ பழைய கோப்பை வாங்கி வையுங்கள். உங்கள் பேக்கப்பில் அந்தக் கோப்பு அடங்குகிறதா என்று இன்றே பார்த்துவைப்பது நல்லது. அப்டிராஃப்ட்பிளஸின் இலவசப் பதிப்பு அதை எடுப்பதில்லை.

தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறியிருந்தால், அந்தத் தளத்தில் எதையும் திருத்திச் சேமிக்காதீர்கள். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட எழுத்தைத் திரும்ப எழுத்தாக்க முடியாது. பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும்.

அரை மணி நேரத்தில் காரணம் பிடிபடவில்லையென்றால் தேடிக்கொண்டே இருக்காதீர்கள். பேக்கப்பை மீட்டு, பழைய தளத்தோடு கடையைத் திறந்துவிட்டு, கோளாறை ஸ்டேஜிங்கில் நிதானமாகப் பாருங்கள். புதுத் தளத்தோடு கடையைத் திறந்து ஆர்டர்களும் வந்தபிறகுதான் கோளாறு தெரிகிறது என்றால், டேட்டாபேஸை மீட்கும் முன் அவற்றை எக்ஸ்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக ஓடினால் சில நாள் கழித்து ஸ்டேஜிங்கை அழித்துவிடலாம். அதில் வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி, முகவரி எல்லாம் இருக்கின்றன. லாட்ஜ் தளத்தில் விருந்தினர் ஏற்றிய அடையாள அட்டைப் படமும் இருக்கலாம். அப்டேட் செய்யாமல் கிடக்கும் நகல் வழியாக அவை வெளியே கசிய இடம் கொடுக்கக்கூடாது. அழித்ததும் லைவில் எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த மாற்றம் வரும்போது லைவிலிருந்து புதிதாக நகலெடுங்கள்.